காந்தம் எடுத்துவிடும் என்றான் அண்ணன்

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, என் அண்ணன் சவரிமுத்து தன் மேலிருந்த இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி மதினியின் மடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவிக்கொத்து. பிறகு பெல்ட், கைக்கடிகாரம். கழுத்தில் உத்தரியக் கயிற்றோடு தொங்கிய அந்தோணியார் சுரூபப் பதக்கம். கடைசியில் சட்டைப் பைக்குள் கைவிட்டு விரல் நீளத்தில் ஒரு அரத்தை எடுத்தான்.

"அரத்த எதுக்குண்ணே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த?" என்றேன்.

"அது பாட்டுக்குப் பையில கெடக்கு. ஒனக்கென்ன செய்யுது?"

ஏசிக் குளிரில் பினாயில் வாடை தூக்கலாக இருந்தது. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கிய நேரம், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு ஆண்டு. திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தோம். பஸ் குலுக்கலில் அண்ணனால் உட்கார முடியாது, அதனால் எங்களுக்கும் உட்கார மனசு வரவில்லை.

அண்ணனுக்கு நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வேலை. காலையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு முன்னால் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வான். அப்படிக் குனிந்தே இடுப்பு போயிற்று. வலது கால் மரத்துப்போகத் தொடங்கியதும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இடுப்புக்காகத்தான் போனோம். ஆனால் அன்றைக்கு அண்ணன் பணயம் வைத்தது தன் இடது கண்ணை. அதற்குள் ஒரு இரும்புத் துண்டு கிடந்தது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனான். 

கேள்வியும் பதிலும்

டெக்னீசியன் வந்தார். தேனிப் பக்கத்துக்காரர், இளவயது, மரியாதை தெரிந்தவர். நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஐயா, உடம்புல பிளேட்டு, ஸ்குரூ, பேஸ்மேக்கர் எதுவும் வச்சிருக்கா?"

"இல்ல தம்பி."

"குண்டு கிண்டு பாஞ்சிருக்கா?"

"நா என்ன மிலிட்டரியா? இல்ல."

"கண்ணுல எப்பவாச்சும் இரும்புத் துண்டு, தூளு தெறிச்சிருக்கா?"

அண்ணன் மதினியைப் பார்த்தான். மதினி ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்ல தம்பி," என்றான்.

அந்தப் பார்வையை நான் கவனித்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். மதினி ஸ்டெல்லா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டதால் எனக்கு மதினி ஆனாள். கூப்பிடுவது மதினி என்று, பேசுவதெல்லாம் வாடி போடிதான்.

டெக்னீசியன் போனதும் அண்ணன் கேட்டான்: "ஏத்தா மேரி, இதும் எக்ஸ்ரே மாதிரித்தான?"

பௌதிகம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இல்லண்ணே. இது காந்தம். ஒன்னையப் படுக்கவச்சு ஒரு பெரிய காந்தத்துக்குள்ள தள்ளுவாங்க."

"எம்புட்டுப் பெருசு?"

"பூமியோட காந்தத்த மாதிரி முப்பதாயிரம் மடங்குக்கு மேல."

"அம்புட்டா!"

அண்ணன் முகம் மலர்ந்தது. இடுப்பு வலியை மறந்து நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டான். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். உடை மாற்ற வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகிறவன் மாதிரி எழுந்து போனான்.

மண்ணெண்ணெய் டப்பா

நான் அண்ணனிடம் ஆசை ஆசையாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் நான் ஆராய்ச்சி மாணவியாக அலைந்தபோது என் கையில் இருந்த கருவியும் இந்த எம்.ஆர்.ஐ.யும் ஒரே குடும்பம். இவள் பாடம் நடத்தப் போகிறாள் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். போன வாரம் இதே பத்தியில் விடுதிக் குழம்பைப் பற்றி எழுதியதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கருவி பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அலுமினியக் கம்பம் ஒன்று, அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் செப்புக் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிலும் மண்ணெண்ணெய். ஆமாம், ரேஷனில் வரிசையில் நின்று வாங்குவோமே, அதே மண்ணெண்ணெய்தான்.

மண்ணெண்ணெயில் ஹைட்ரஜன் அணுக்கள் ஏராளம். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் நடுவிலும் ஒரு புரோட்டான் இருக்கிறது. ஒவ்வொரு புரோட்டானும் பம்பரத்தின் குணம் கொண்ட குட்டிக் காந்தம். சும்மா இருக்கும்போது அவை ஆளுக்கு ஒரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். சுருளில் சில நொடிகள் மின்சாரத்தை ஓடவிட்டால் அவற்றில் கொஞ்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். பிறகு சட்டென்று மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பிடி விட்டதும் அவை பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். சாயப் போகிற பம்பரம் தலையைச் சுற்றுகிறதே, அப்படித்தான். புலம் கூடினால் ஆட்டத்தின் வேகம் கூடும், குறைந்தால் குறையும். அந்த வேகத்தை அதே செப்புச் சுருள் மின்துடிப்பாகப் பிடித்துத் தரும். அதை எண்ணினால் அந்த இடத்தில் பூமியின் காந்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். இருந்தும் ஒரு நாள் எங்கள் பேராசிரியர் அந்தச் சுருளை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துத் திறந்துவிட்டபோது நான் அரண்டுபோனேன். கீ என்று மெல்லிய விசில் ஒன்று வந்து, ஓரிரு நொடியில் தேய்ந்து மறைந்தது. நொடிக்கு ஆயிரத்து எழுநூறு சொச்சம் ஆட்டம். ஒரு டப்பா மண்ணெண்ணெய்க்குள் இருந்த அணுக்கருக்கள் எல்லாம் சேர்ந்து தலையாட்டிய சத்தம் அது. எனக்குக் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை போடுங்க சார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதைவிட என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. தராசை அவ்வப்போது முத்திரை போட்டுச் சரிபார்க்க வேண்டும். எடைக்கல் தேயும், படி நசுங்கும். புரோட்டான் தேயாது. நத்தம் ரேஷன் கடை மண்ணெண்ணெயில் இருக்கும் புரோட்டானும் நட்சத்திரத்தில் இருக்கும் புரோட்டானும் ஒரே புலத்தில் ஒரே வேகத்தில்தான் தலையாட்டும். இயற்கையே முத்திரை குத்திக் கொடுத்த எடைக்கல் அது. அணுவுக்குள் இருக்கும் இந்த மாறாத கணக்கை வைத்து வெளியுலகத்தை அளக்கும் கருவிகளுக்கு இப்போது குவாண்டம் சென்சார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சீசிய அணுவை வைத்துத்தான் உலகத்துக்கே நேரம் சொல்கிறார்கள். அந்தக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றும் செயற்கைக்கோள்கள்தான் நமக்கு நாம் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. கடுங்குளிரில் உறையவைத்த இன்னொரு வகைச் சென்சார், மூளை நினைக்கும்போது தலைக்கு வெளியே கசிகிற காந்தத்தைக்கூடப் பிடித்துவிடுகிறது. என் டப்பாவெல்லாம் அந்தக் குடும்பத்தில் ஏழைச் சித்தப்பா.

ஊக்கு இல்லாத சேலை

அந்த ஏழைச் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் நத்தம் பக்கத்து மாந்தோப்புகளிலும் புளியந்தோப்புகளிலும் திரிந்தேன். எங்கள் சமவெளியில் மண்ணுக்கு அடியில் சில இடங்களில் கறுப்புக் கல், சுவர் வைத்தது போல நீளமாக ஓடும். நிலத்தடி நீர் அந்தச் சுவரில் முட்டித் தேங்கும். கறுப்புக் கல்லில் இரும்புச் சத்து உண்டு என்பதால் அதற்கு மேலே பூமியின் காந்தம் கொஞ்சம் மாறும். மாறும் இடத்தை வரிசையாகக் குறித்தால் சுவர் தெரியும். சுவர் தெரிந்தால் கிணறு வெட்ட இடம் சொல்லலாம்.

மாற்றம் மிகச் சிறியது. அதனால் அளக்கிறவர் மேல் இரும்பு இருக்கவே கூடாது. ஆண்களுக்கு என்ன, பெல்ட்டைக் கழற்றினால் முடிந்தது. எனக்குத் தலையில் ஹேர்பின், சேலையில் ஊக்கு, செருப்பில் ஆணி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முந்தானையை நூல் போட்டுத் தைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உழுத காட்டில் நடப்பேன். காற்று அடிக்கிற அன்றைக்கு நான் அளந்தது பாதி, சேலையைப் பிடித்தது பாதி.

ஒரு தோப்பில் திடீரென்று எண் எகிறியது. பேராசிரியர் கண்ணை அகல விரித்தார். பத்தடி தள்ளி அளந்தேன், அங்கேயும் எகிறியது. மறுபடி பத்தடி, அங்கேயும்! பூமிக்கடியில் இரும்பு மலையே கிடக்கிறது என்று இரண்டு பேரும் வாய் பிளந்து நின்றோம். திரும்பிப் பார்த்தால் தோப்புக்காரர், இடுப்பில் அரிவாளோடு, என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏத்தா, கெரசின ஆட்டிப் பாத்தா பொதையலு தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"பொதையல் இல்லங்கய்யா. பாறை."

"பாறையா? அதுக்கு எதுக்குக் கெரசினு? எங்கிட்டக் கேட்டா நாங் காட்டுறேன். அம்புட்டுக் கெடக்கு."

எம்.ஆர்.ஐ.யில் மண்ணெண்ணெய்க்குப் பதில் நம் உடம்பின் தண்ணீர். பூமிக்குப் பதில் அந்த ராட்சதக் காந்தம். உடம்பின் தண்ணீரில் இருக்கும் புரோட்டான்களை அது வரிசைப்படுத்தும், ரேடியோ அலையால் தட்டிவிட்டு அவற்றின் தலையாட்டத்தைக் கேட்கும். கேட்டதை வைத்துப் படம் போடும். அறுக்காமல் கொள்ளாமல் முதுகெலும்புக்குள் நசுங்கிக் கிடக்கும் நரம்பைக் காட்டிவிடும். அன்றைக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து, அண்ணன் இடுப்புத் தண்ணீரும் என் டப்பாவைப் போல விசிலடிக்கப் போகிறது என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மதினி சொன்னது

அப்போதுதான் மதினி பெருமூச்சு விட்டுச் சொன்னாள்.

"எப்பிடியோ மேரி, இடுப்புக்குன்னு வந்த எடத்துல கண்ணுக்கும் ஒரு வழி பொறந்துச்சு."

"எந்தக் கண்ணுக்குடி?"

"அவரு கண்ணுக்குத்தான். போன வருசம் உளி அடிக்கையில எடது கண்ணுல துண்டு தெறிச்சுப் போச்சு. பட்டறைக் காந்தத்துக்கு வரவே மாட்டேன்னுருச்சு. இப்ப முப்பதாயிரம் மடங்குன்னு நீ சொன்னியா, 'இதுக்கு வராமலா போயிரும், இடுப்பும் பாத்தாப்புல, கண்ணும் பாத்தாப்புல'ன்னு சந்தோசமாப் போறாரு மனுசன்."

எனக்குக் கேட்டது, ஆனால் உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அந்தத் தம்பி கேட்டாரேடி! ஏன்டி ரெண்டு பேரும் மறைச்சீங்க?"

"சொன்னா கண்ணுக்குத் தனியா பீசு போடுவாங்கன்னு அவருதான் கண்ணக் காட்டுனாரு."

பூட்டுப் பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று ஆணியில் தொங்கும். கீழே கொட்டிய இரும்புத் தூளைக் கூட்டுவதற்கு அது. யார் கண்ணிலாவது தூள் தெறித்தால் ஒருவர் இமையை விரித்துப் பிடிப்பார், இன்னொருவர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவார். தூள் தாவி ஒட்டிக்கொள்ளும். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சாவியை எடுப்பார்கள். ஆஸ்பத்திரி, டாக்டர் என்ற பேச்சே இல்லை. எத்தனையோ பேர் கண்ணுக்கு அது கைகண்ட வைத்தியமாகவே இருந்திருக்கிறது.

மேலே ஒட்டியிருக்கும் தூளுக்குத்தான் அது சரி. விழியைத் துளைத்து உள்ளே போன துண்டு அப்படி வராது. வெளியே வழி இல்லாமல், காந்தம் இழுக்கும் பக்கமெல்லாம் உள்ளுக்குள்ளேயே நகரும். நகரும்போது சுருக்கென்று குத்தும். அப்படிக் குத்தினால் பட்டறையில் "காந்தம் கூப்புடுது" என்பார்கள். கூப்பிட்டால் வந்துவிடும், கொஞ்சம் பெரிய காந்தமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். என் அண்ணனுக்கு மதுரையில் அந்தப் பெரிய காந்தமே கிடைத்துவிட்டது!

எந்நேரமும் விழித்திருக்கும் காந்தம்

நான் எழுந்துவிட்டேன். மதினி என் முந்தானையைப் பிடித்தாள்.

"எதுக்குடி பதறுற? இன்னும் மெசினே போடல. சத்தமே கேக்கலயே?"

அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். சத்தம் வருவது படம் எடுக்கும்போது. காந்தம் அதற்கு முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் ஓடி, தட்டினால் நிற்க அது மின்விசிறி அல்ல. ராத்திரி எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகும் அந்த அறைக்குள் அது முழு பலத்தோடு இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே காலடி வைப்பதே போதும்.

நடைபாதையில் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றது. அறைக் கதவில் சிவப்பாக எச்சரிக்கை எழுதியிருந்தது. என் தலையில் ஹேர்பின், சேலையில் ஊக்கு, எல்லாம் இருந்தன. உள்ளே போகக் கூடாது என்ற புத்தி மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. டெக்னீசியன் உட்கார்ந்து மெசினை இயக்கும் பக்கத்து அறைக் கதவை இரண்டு கையாலும் அடித்துத் திறந்தேன்.

"தம்பி! வெளிய எடுங்க! கண்ணுல இரும்பு இருக்கு! கண்ணுல இரும்பு!"

டெக்னீசியன் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தான். படுக்கை அந்தக் காந்தக் குகையின் வாயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றி வரை உள்ளே போய்விட்டது. டெக்னீசியனின் கை பொத்தானுக்குப் போன அதே நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டது.

"மாதாவே!"

நாற்பது வயதுக்கு மேல் ஆன மனிதன் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

படுக்கை நின்றது. மெல்லப் பின்னால் வந்தது. "தலைய ஆட்டாதீங்க ஐயா, அப்பிடியே இருங்க, அப்பிடியே," என்று சொல்லிக்கொண்டே அவனை வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தான்.  என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வந்துருச்சா மேரி? வெளிய வந்துருச்சா?"

 கையை விலக்கச் சொன்னார்கள், விலக்கினான். கருவிழிக்கு முன்னால் ரத்தம் கட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடிவந்த மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்த சாவியும் பெல்ட்டும் சுரூபமும் சிதறி ஓடின.

"என்னடி இது," என்றான் அண்ணன். "எல்லாஞ் செவப்பாத் தெரியுது."

வழி வெட்டி எடுத்தது

அங்கேயிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இவனை என்ன செய்தால் தகும்? ஒரு வருஷமாகக் கண்ணுக்குள் இரும்பை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். தங்கச்சி எதிர் தெருவில்தான் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

ஏன் சொல்லவில்லை என்று மதினிதான் பிறகு சொன்னாள். சாவிப் பல்லைச் சரிபார்க்கும்போது அண்ணன் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால்தான் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். மயிரிழை வித்தியாசத்தையும் அந்தக் கண்தான் கண்டுபிடிக்கும். அதில் புகை மூட்டம் போட ஆரம்பித்திருந்தது. வெளியே தெரிந்தால் சாவி வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் பார்வை மங்குவதை மதினியைத் தவிர எல்லோரிடமும் மறைத்திருக்கிறான். யாருக்கும் தெரியாமல், ஒரே இழுப்பில் காரியம் முடிந்துவிடும் என்றுதான் அந்தக் குகைக்குள் அவ்வளவு சந்தோஷமாகப் படுத்திருக்கிறான்.

கண் டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார். முடித்துவிட்டு வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எங்களிடம் காட்டினார். எள்ளில் பாதி இருக்குமா? கறுப்பாக ஒன்று அடியில் கிடந்தது. இதற்கா இந்தப் பாடு என்று நான் திகைத்து நின்றேன். என் மண்ணெண்ணெய் டப்பாவை அண்ணன் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அது இந்தத் துணுக்கைக் கண்டுகொண்டிருக்கவே இருக்காது. ஆனால் அந்தப் பெரிய காந்தம் கண்டுகொண்டது.

மறுநாள் டாக்டர் பார்க்க வந்தபோது, கண்ணில் கட்டோடு படுத்திருந்த அண்ணன் கேட்டான்.

"எதை வச்சும்மா எடுத்தீக?"

"நுனியில காந்தம் வச்ச ஒரு கருவி இருக்கு. அத வச்சுத்தான்."

அவ்வளவுதான். அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பாத்தியா? கடைசில காந்தந்தான எடுத்துச்சு? நாஞ் சொன்னா ஒருத்தரும் கேக்குறதில்ல."

தலையணையை எடுத்து அவன் முகத்தில் அடிக்கலாமா என்று வந்தது எனக்கு. டாக்டர் சிரிக்கவில்லை.

"நாங்க வழி வெட்டி, வழியோட எடுத்தோம் ஐயா. நீங்க வழியே இல்லாம இழுக்கப் பாத்தீங்க. அது போற பக்கமெல்லாம் கிழிச்சிருக்கு."

 பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்த காலை

நானும் மதினியும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சைகளுக்குக் கணக்கில்லை. கட்டுப் பிரிக்கிற அன்று அண்ணனைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். முதலில் பஞ்சு வந்தது, பிறகு துணி. இமை வீங்கியிருந்தது. மெல்லத் திறந்தான். சிவப்பெல்லாம் போய்க் கண் வெளித்தோற்றத்துக்கு நன்றாகவே இருந்தது. மதினி சிலுவை போட்டுக்கொண்டாள்.

டாக்டர் ஒரு அட்டையால் அவன் வலது கண்ணை மறைத்தார். இன்னொரு கையைத் தூக்கி விரலைக் காட்டினார்.

"எத்தன வெரல்னு சொல்லுங்க?"

"மூணு," என்றான் அண்ணன், யோசிக்காமல்.

மூன்றுதான்! மதினி என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. டாக்டர் மட்டும் கையை இறக்காமல் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கினார், கையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். அண்ணனின் கண் அந்தக் கையோடு போகவில்லை.

"சரி, அத விடுங்க. ஒங்க முன்னால யாரு நிக்கிறாங்க?"

அண்ணன் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். சாவியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பானே, அதே சாய்வு. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, கையை முன்னால் நீட்டினான்.

"எந் தங்கச்சிதாம்மா. ஏத்தா மேரி, எதுக்கு இப்ப அழுகுற? எனக்கு நல்லாத் தெரியுது."

அவன் முன்னால் தட்டை ஏந்தி நின்றிருந்தது நர்ஸ். நான் ஒரு பக்கமாக, அவன் தோளோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.